கேளுங்கள், சொல்கிறேன்: இரை, இருட்டு, தெரியாத வெளிச்சம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இருட்டைப் பற்றியவை. இரவில் இரை போட்டு, நரி போன்ற கொயோட்டியைச் சுடும் அமெரிக்க வீடியோ ஒன்று நம் தோட்டத்து வட்ஸ்அப் குழுக்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது போலும். தோட்டத்தில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கமராவும் கையுமாக மலை ஏறுகிறவன் என்பதால் ஆசிரியர் அந்தக் கட்டை அப்படியே என்னிடம் தள்ளிவிட்டார். இஞ்சிப் பயிர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கனடாவிலிருக்கும் என் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். பனி மூடிய வயலில் செத்த மானைப் போட்டுவிட்டு, தூரத்தில் ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத லைட் அடித்துக் கொயோட்டி சுடுகிறார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே போட்டிருக்கும் வற்றாளைக் கிழங்கையும் கரட்டையும் காட்டுப்பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகிறது. இந்த முறை இங்கே சரிவருமா ஐயா? லைட்டை மகனை அனுப்பச் சொல்லவா?
— ஒரு வாசகர், நோர்வூட்

முதலில் அந்த வீடியோவில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். கொயோட்டி வட அமெரிக்காவுக்கே உரிய மிருகம். நம் நரியைவிடக் கொஞ்சம் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. ஆட்டுக்குட்டி, கோழி என்று கிடைத்ததைத் தூக்குவதால் பண்ணைக்காரருக்கு அதைக் கண்டால் ஆகாது. ஆட்கள் துரத்தித் துரத்திச் சுட்ட இடங்களில் அது பகலில் தலைகாட்டுவதை விட்டுவிட்டது. அதனால்தான் இரவு, அதனால்தான் இரை.

இரையிலும் அவர்கள் நுணுக்கம் பார்க்கிறார்கள். இறைச்சித் துண்டைச் சும்மா போட்டால் கொயோட்டி கவ்விக்கொண்டு ஓடிவிடும். ஆகவே குளிர்காலத்தில் இறைச்சிக் கழிவை ஒரு வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, பனிக்கட்டியாகவே கவிழ்த்துவிடுவார்கள். அதைச் சுரண்டித் தின்பதற்கு மிருகம் நின்றுதான் ஆக வேண்டும். காற்று இரைப் பக்கமிருந்து தங்கள் பக்கம் வீசும்படி இடம் பார்த்து உட்காருவார்கள். அப்படியிருந்தும் கொயோட்டி நேரே வராது. ஒரு வட்டமடித்து, காற்றில் மோப்பம் பிடித்து, மனித வாடை இல்லை என்று தெரிந்த பிறகுதான் கிட்ட வரும். பொறுமை இல்லாதவனுக்கு அந்த வேட்டை இல்லை.

உங்கள் மகன் எந்த மாகாணத்தில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்டாரியோ என்றால், அங்கே இரவில் கொயோட்டி சுடுவதற்குப் பொதுவாகத் தடை. சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்தோடு துவக்கை உறையில் போட்டுவிட வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலோ தனியார் காணியில் இரவிலும் சுடலாம். ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு சட்டம். வீடியோவைப் பார்த்துவிட்டு ஆசையில் இறங்க வேண்டாம் என்று மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வட கரோலினா மாநிலத்தில் செந்நிற ஓநாய் என்றொரு அரிய இனம் இருக்கிறது. உலகத்திலேயே காட்டில் திரியும் செந்நிற ஓநாய்கள் அங்கே மட்டும்தான். கொயோட்டி என்று நினைத்து அவற்றைச் சுட்டுக்கொண்டே வந்தார்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போய், 2014இல் அவை வாழும் ஐந்து மாவட்டங்களில் இரவுநேரக் கொயோட்டி வேட்டையே நிறுத்தப்பட்டது. இத்தனை கருவி கையில் இருந்தும் ஓநாயையும் கொயோட்டியையும் பிரித்தறிய முடியவில்லை!

இனி நம்ம பக்கத்துக்கு வருவோம். அவர்கள் உட்கார்ந்திருப்பது சமதரையான வயல். கண்ணுக்கெட்டிய தூரம் வீடில்லை, ஆளில்லை. நீங்கள் உட்காரப்போவது சரிவில். மேலே ஒரு லயம், கீழே ஒரு லயம், நடுவில் குறுக்குப்பாதை. சின்ன .22 ரகத் தோட்டாகூடக் குறி தவறினால் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பாலும் போகும். நோர்வூட்டில் ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் எத்தனை பேர் படுத்துத் தூங்குகிறார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். தவறணை மூடிய பிறகு அந்தக் குறுக்குப்பாதையில் வருகிற நம் ஆட்கள் சிலர் நடந்து வருவதைவிடத் தவழ்ந்து வருவதுதான் அதிகம். தேயிலைக்குள் தெரியும் வெள்ளை உருவம் பன்றியா, பக்கத்து வீட்டு மாமாவா என்று எந்தக் கருவியும் எழுதிக் காட்டாது.

இரை விஷயம் அதைவிட மோசம். பன்றிக்கென்று நீங்கள் பலாப்பழத்தைப் போட்டால் பன்றி மட்டுமா வரும்? முள்ளம்பன்றி வரும், மரை வரும், அவற்றைத் தேடி அவற்றின் பின்னால் சிறுத்தை வரும். இன்றைக்குத் தோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் நிற்கும் பிரச்சினையை நாமே கூப்பிட்டு லயத்துப் பின்கதவில் கட்டிவைத்த மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், நீங்கள் ஏற்கெனவே இரை வைத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்பது என் சந்தேகம். அழுகிய கரட்டும் லீக்ஸ் தழையும் பாத்தியின் ஓரத்திலேயே குவிந்து கிடக்கிறதா? பன்றிக்கு முதல் மணம் அங்கிருந்துதான் போகிறது. அதைக் குழி வெட்டிப் புதையுங்கள். வற்றாளையை முற்றவிடாமல் காலத்தோடு கிண்டி எடுங்கள். பழைய தகரத்தை நிற்கவைத்து, அதன் அடியை ஒரு முழமாவது மண்ணுக்குள் இறக்கி வேலி அடையுங்கள். பன்றி தாண்டுவதைவிட மூக்கால் நெம்பித் தூக்குவதில்தான் கெட்டிக்காரன். பாத்தியைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவதைக் கண்டு சிரிக்காதீர்கள். மனித வாடை இருக்கும்வரை சில நாட்களுக்காவது அது பிடிக்கும். பிறகு சேலையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் ஏற்றி வேலி போடுவது. மின்சார வேலை பார்த்தவன் சொல்கிறேன். முறையான மின்வேலி விட்டுவிட்டு அதிர்வு மட்டும் கொடுக்கும். வீட்டுக் கம்பியில் வருகிற மின்சாரம் பிடித்தால் விடாது. இந்த நாட்டில் பன்றிக்குப் போட்ட கம்பியில் போட்டவனே செத்த கதை ஒன்றிரண்டல்ல.

ஆகவே மகனிடம் லைட் கேட்காதீர்கள். தகரத்துக்குக் காசு கேளுங்கள்.

செங்கீழ்க் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது என்று படித்திருக்கிறோம். அப்படியானால் வேட்டைக்காரனுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? மிருகத்துக்குத் தெரியாதா? தெர்மல் கமரா என்பதும் இதுவும் ஒன்றா?
— உயர்தர மாணவர், ஹட்டன்

நல்ல கேள்வி தம்பி. வீட்டில் ரிவி ரிமோட் இருக்கிறதா? கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேரே பிடித்து, ஏதாவது பொத்தானை அமுக்குங்கள். திரையில் ஊதாவும் வெள்ளையும் கலந்த ஒரு பொட்டு மினுங்கும். கண்ணால் நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தப் பொட்டுத்தான் நீங்கள் சொல்லும் செங்கீழ்க் கதிர், அதாவது இன்ஃபிராரெட் வெளிச்சம். பின்பக்கக் கமராவில் பெரும்பாலும் அதை மறைக்கும் வடிகட்டி இருக்கும். அதனால்தான் முன்கமரா என்றேன்.

நம் கண் சுமார் 700 நனோமீற்றர் அலைநீளம்வரைதான் பார்க்கும். கமராவுக்குள் இருக்கும் சிலிக்கன் சில்லு அதையும் தாண்டி ஏறக்குறைய 1,000 நனோமீற்றர்வரை உணரும். இந்த இடைவெளியைத்தான் வேட்டைக்காரனும், கடைக்காரரின் சிசிடிவியும், காட்டில் கட்டும் தானியங்கிக் கமராவும் பயன்படுத்துகின்றன. துவக்கின் மேல் இருக்கும் கருவி ஒரு சின்னக் கமராதான். பக்கத்தில் உள்ள விளக்கு இன்ஃபிராரெட்டை அடிக்கும், கமரா அதைக் கறுப்பு வெள்ளைப் படமாகக் காட்டும்.

சந்தையில் இரண்டு வகை விளக்கு ஓடுகிறது. 850 நனோமீற்றர் விளக்கு தூரம் போகும், ஆனால் விளக்கையே நேராகப் பார்த்தால் அணையப்போகும் சுருட்டு நெருப்பு மாதிரி மங்கலாக ஒரு சிவப்பு தெரியும். 940 விளக்கில் அதுவும் தெரியாது. ஆனால் சில்லுக்கு அந்த அளவில் உணர்வு குறைவு என்பதால் தூரமும் குறைந்துபோகும். நாய்க் குடும்பத்துக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரியும், சிவப்பு சரியாகப் பிடிபடாது. ஆகவே 850இன் அந்த மங்கல் சிவப்பைக் கொயோட்டி பெரும்பாலும் சட்டை செய்வதில்லை என்று நம்பி வேட்டைக்காரர் அதைத்தான் எடுக்கிறார்கள். தேவாங்கைத் தேடிப் போகிற ஆராய்ச்சியாளரும் இதே காரணத்துக்காகத்தான் நெற்றி விளக்கில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்கிறார்கள். ஹோட்டன் சமவெளியின் மலைத் தேவாங்கு முதல் முறையாகப் படத்தில் பிடிபட்ட செய்தி 2010இல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அப்போது கைக்குழந்தையாக இருந்திருப்பீர்கள், அது வேறு விஷயம்.

படத்தில் மிருகத்தின் கண் இரண்டு பல்பு மாதிரி எரியும். அதன் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது, வந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். மனிதருக்கு அது இல்லை.

தெர்மல் வேறு சாதி. அதற்கு விளக்கே வேண்டாம். உடம்பிலிருந்து தானாக வெளிவரும் வெப்பக் கதிரை அது பிடிக்கிறது. அந்தக் கதிரின் அலை மிக நீளம், 8,000இலிருந்து 14,000 நனோமீற்றர். அது சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது என்பதால் தெர்மல் கருவியின் வில்லையை ஜெர்மேனியத்தில் செய்கிறார்கள். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஜன்னலை மூடிவிட்டு உள்ளிருந்து தெர்மலில் பார்த்தால் தோட்டம் தெரியாது, கண்ணாடியில் உங்கள் முகத்துச் சூடுதான் தெரியும்.

கொயோட்டியும் நம் நரியும் ஒன்றா?
— ஒரு வாசகி, பண்டாரவளை

ஒரே குடும்பம், வேறு இனம். நம் நரி பொன்னிற நரியின் ஒரு கிளை. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் மலையை விட்டு இறங்கி வில்பத்து, யால பக்கம் போவது நல்லது. எங்கள் பக்கத்தில் ஊளைச் சத்தம் கேட்டு யாராவது நரி என்றால் முதலில் லயத்து நாய்களை எண்ணிப் பார்க்கச் சொல்வேன்.

கொயோட்டியின் விசேஷம் வேறு. நூறு வருடத்துக்கு மேலாகச் சுட்டும், பொறி வைத்தும், நஞ்சு வைத்தும் கொன்று பார்த்தார்கள். அது குறையவில்லை, பரவியது. மேற்கே புல்வெளியிலும் பாலைவனத்திலும் இருந்தது இன்றைக்கு ஹவாயைத் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. ஓநாயை ஒழித்தார்கள், ஓநாய் விட்ட இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது.

போன வாரம் எங்கள் லயத்திலிருந்து நாயொன்றைப் புலி கொண்டுபோய்விட்டது. சங்கிலி மட்டும்தான் கிடந்தது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. கோழிக் குடலில் மருந்து தடவி வைக்கலாம் என்று ஆம்பிளைகள் பேசிக்கொள்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது?
— ஓர் அம்மா, மஸ்கெலியா

அக்கா, உங்கள் பயம் நியாயம். அதை யாரும் சிரித்துத் தள்ளக் கூடாது. ஆனால் மருந்து வைப்பதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். கோழிக் குடலை முதலில் தின்னப்போவது அடுத்த வீட்டு நாய், அடுத்து காகம், அடுத்து பூனை. செத்த காகம் பீலிக்குப் பக்கத்தில் விழுந்தால் அந்தத் தண்ணீரை யார் குடிப்பது? இரை போடுகிறவன் யாருக்கு வைக்கிறான் என்பது அவன் மனதில் மட்டும்தான் இருக்கிறது, இரையின் மேல் எழுதியிருப்பதில்லை. நாம் புலி என்று சொல்லும் சிறுத்தை பாதுகாக்கப்பட்ட மிருகம். அதைக் கொன்றால் நீதிமன்றம், மறியல் என்று குடும்பமே அலைய வேண்டி வரும்.

இனி அந்தச் சங்கிலி. கோபிக்காதீர்கள், நாயைச் சங்கிலியில் கட்டி வாசலில் விட்டால் அது காவலுக்கு நிற்பதாக நாம் நினைக்கிறோம். சிறுத்தை பார்க்கிறபோது அது கட்டிவைத்த இரை. வெள்ளைக்காரத் துரைமார் சிறுத்தை சுட வேண்டுமென்றால் ஆட்டுக்குட்டியை முளையில் கட்டிவிட்டுத்தான் பரணில் ஏறி உட்கார்ந்தார்கள். நாயை இரவில் உள்ளே எடுங்கள். இடமில்லையென்றால் நாலு பக்கமும் அடைத்து மேலேயும் கம்பி போட்ட கூடு ஒன்று செய்யுங்கள். மேலே திறந்திருந்தால் பிரயோசனமில்லை, ஏறத் தெரிந்த மிருகம் அது.

லயத்துக் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால் குப்பை எங்கே போகிறது என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோழி அடித்த குடலும் இறகும் கானுக்குள் கிடக்கும். அதற்குத் தெருநாய் வரும், பன்றி வரும். நாய் எங்கே கூடுகிறதோ அங்கே சிறுத்தை வரும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. நாலு வீட்டுக்காரர் சேர்ந்து ஆழமாகக் குழி வெட்டி, குடலைப் போட்ட உடனே மண் மூடினால் பாதி வேலை முடிந்தது. மற்றப் பாதி, லயத்து ஓரத்துப் புதரையும் மானாப் புல்லையும் வெட்டி வெளியாக்குவது. அதைத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும்.

பிள்ளைகள் விஷயத்தில், இருட்டிய பிறகு கழிப்பறைக்குத் தனியே அனுப்பாதீர்கள், டோர்ச்சும் பெரியவர் ஒருவரும் கூடப் போகட்டும். சிறுத்தை சாதாரணமாக மனிதரைக் கண்டால் விலகிப் போகிற மிருகம். நம் பக்கத்தில் ஆட்கள் கடிபட்டது பெரும்பாலும் பகலில்தான். கொழுந்து எடுக்கும்போது செடிக்கடியில் படுத்திருந்ததை அறியாமல் நெருங்கியபோது, அல்லது ஊரே திரண்டு அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு கல்லெறிந்தபோது. இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

நீங்கள் மலையில் கமரா கட்டுவதாக முன்பொரு முறை எழுதினீர்கள். அதில் என்னதான் விழுந்தது?
— ஒரு வாசகர், பொகவந்தலாவை

பெரும்பாலும் நாய். அதற்கடுத்து நம் ஆட்கள். விறகுக் கட்டோடு போகிறவர், கட்டு இல்லாமல் போய்க் கட்டோடு திரும்புகிறவர், காதலர்கள். அந்தப் படங்களை நான் யாருக்கும் காட்டுவதில்லை, அங்கேயே அழித்துவிடுவேன். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், நிம்மதியாக நடமாடுங்கள்.

கமராவைச் சவுக்கு மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டுவேன், கானை ஒட்டிய ஒற்றையடிப் பாதையைப் பார்த்தபடி. இரை எதுவும் வைப்பதில்லை. கமராவின் முகத்தில் ஓர் உணரி இருக்கிறது, சூடான உடம்பு குறுக்கே அசைந்தால் அது விழித்துக்கொள்ளும், 940 விளக்கு எரியும், படம் விழும். வெயில் ஏறித் தேயிலை இலை சூடாகிக் காற்றில் ஆடினாலும் அது விழித்துக்கொள்ளும் என்பது ஒரு தொல்லை. நாள் முழுக்க வெறும் இலையைப் படம் பிடித்து வைத்திருக்கும்.

ஒரு நாள் கமராவின் நினைவட்டையில் இருந்ததைச் சொல்கிறேன். மாலையில் முள்ளம்பன்றி ஒன்று, முள்ளை எல்லாம் விரித்துக்கொண்டு, கமராவை முகர்ந்து பார்த்தது. பிறகு மரநாய். ஒன்பது மணி போல லயத்துச் செவலை நாய், அவசரமே இல்லாமல். அதே பாதையில் அதே திசையில், கொஞ்ச நேரம் கழித்து, சிறுத்தையின் பின்பாதி மட்டும். முன்பாதி படத்துக்கு வெளியே போய்விட்டது. தொடையில் உள்ள பூப்புள்ளி ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய அளவு தெளிவு. வால் தரையைத் தொடாமல் நுனி மட்டும் மேலே வளைந்து, உட்பக்க வெள்ளை பளிச்சென்று. புள்ளிகளின் அமைப்பு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது என்பதால் ஆராய்ச்சியாளர் அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்கள். செவலை காலையில் பிரட்டுக் களத்தில் படுத்திருந்தது. அதற்கு எதுவுமே தெரியாது.

நம் பக்கத்துச் சிறுத்தைகளை இப்படித்தான் வனவிலங்கு ஆய்வாளர்கள் தோட்டங்களுக்குள் கமரா வைத்துப் பல வருடமாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். காட்டுத் துண்டுகளிலும் ஆற்றோரங்களிலும் தேயிலைக்கு நடுவிலும் அவை வாழ்கின்றன என்பது அதனால்தான் உறுதியாகத் தெரிந்தது. கொயோட்டியைச் சுடுகிறவன் கையில் இருக்கும் அதே வெளிச்சந்தான்.

கடைக்கு நைட் விஷன் சிசிடிவி போட்டேன். இரவானால் வெள்ளை வெளேரென்று ஒன்றுமே தெரிவதில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
— கடை உரிமையாளர், நுவரெலியா

ஏமாற்றவில்லை, மூடுபனி. கமராவைச் சுற்றி வளையமாக இருக்கும் எல்ஈடிகளின் வெளிச்சம் பனித்துளியில் பட்டு நேரே கமராவுக்குள்ளேயே திரும்புகிறது. கமராவின் சொந்த எல்ஈடியை அணைத்துவிட்டு, தனியாக ஓர் இன்ஃபிராரெட் விளக்கை வாங்கி, இரண்டு மூன்று அடி தள்ளிப் பக்கவாட்டில் பொருத்துங்கள். நிறையத் தெளியும். நோர்வூட் வாசகர் கேட்ட லைட்டும் நம் மலையில் பாதி நாள் இதே கதிக்குத்தான் ஆளாகும்.

பனி இல்லாத இரவிலும் வெள்ளை என்றால் ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். எல்ஈடிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், கமராவின் முகத்திலேயே வலை பின்னிவிடும். ஒரு நூல் போதும், படத்தில் அது கயிறு மாதிரித் தெரியும். வாரத்துக்கொரு முறை ஒட்டடைக் கம்பால் தட்டிவிடுங்கள்.

நரிக்கொம்பு வைத்திருந்தால் வழக்கு ஜெயிக்கும் என்கிறார்கள். ஒருவர் பெரிய விலை சொல்கிறார். வாங்கலாமா?
— பெயர் வேண்டாம், பதுளை

நரிக்குக் கொம்பு கிடையாது. மண்டையில் எலும்புப் புடைப்பு இருக்கலாம், அதன் மேல் தோலை ஒட்டி விற்கிறார்கள். இந்த நம்பிக்கை நம்மவரிடமும் சிங்களவரிடமும் வெகுகாலமாக இருக்கிறது. வழக்கு ஜெயித்தால் உங்கள் சட்டத்தரணிதான் காரணம். அந்தப் பணத்தை அவருக்கே கொடுங்கள்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரரும் இப்படி இரவு வேட்டை ஆடினார்களா?
— ஆசிரியர், ஹப்புத்தளை

சிறுத்தைக்குப் பரண் கட்டியதைச் சொன்னேன். மற்றபடி அவர்கள் பட்டப்பகலில்தான் அழித்தார்கள், ஒளிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லையே. பிறகு நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போய்ப் பெயரெடுத்த சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி, வேட்டை நாய்களைக் கட்டிக்கொண்டு ஹோட்டன் சமவெளியில் மரை விரட்டினார். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டார் என்பது அவரைப் பற்றிய கணக்கு. உங்கள் ஊரில்தான், 1845இல், இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் அவரது கல்லறையிலும் இடி விழுந்து பிளந்தது என்று சொல்வார்கள். அதற்கு எங்கள் தாத்தா தரும் விளக்கம் வேறு, அச்சில் போட முடியாது.

அந்த மலையில் இன்றைக்கு யானை இல்லை.

கொழுந்து எடுக்கும்போது செடிக்கு நடுவில் கம்பிச் சுருக்கு ஒன்றைக் கண்டேன். கங்காணியிடம் சொன்னால் ‘பன்றிக்கு வைத்தது, பேசாமல் இரு’ என்கிறார். என்ன செய்வது?
— ஒரு தொழிலாளி, டிக்கோயா

தங்கச்சி, பேசுங்கள். பன்றிக்கு வைக்கும் சுருக்கு பன்றியின் உயரத்தில் இருக்கிறது, சிறுத்தையும் அதே உயரம்தான். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியில் செய்த சுருக்கு இழுக்க இழுக்க இறுகும். 2020 மே கடைசியில் நல்லதண்ணி, லக்சபான தோட்டப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படித்தான் மாட்டியது. மயக்க ஊசி போட்டு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தார்கள். சில நாளில் செத்துவிட்டது. வெளியே பார்த்தால் சின்னக் காயம் போலத் தெரியும், உள்ளே அறுந்துபோயிருக்கும். சுருக்கு வைத்தவர்கள் பிடிபட்டு நீதிமன்றம் ஏறிய சம்பவங்கள் நம் மாவட்டத்தில் உண்டு. கங்காணிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

வெறும் சுருக்கு என்றால் இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நிர்வாகத்துக்கும் வனஜீவராசிகள் அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். கட்டுத்துவக்கு (நூலில் கால் பட்டால் தானே வெடிக்கும் துவக்கு), வாய்வெடி (இரைக்குள் ஒளித்து வைக்கும் வெடி) மாதிரி எதையாவது கண்டால் தொடவே வேண்டாம், வந்த வழியே பின்வாங்கி மற்றப் பெண்களையும் அந்தப் பத்தியிலிருந்து வெளியே கூப்பிடுங்கள். கட்டுத்துவக்கின் நூல் காலில் படும் உயரத்தில்தான் ஓடும்.

மிருகம் மாட்டியிருந்தால் கம்பியை வெட்டப் போகாதீர்கள். விடுபட்ட சிறுத்தை முதலில் பார்ப்பது வெட்டியவரைத்தான். கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். சத்தம் கேட்கக் கேட்க அது துள்ளும், துள்ளத் துள்ளக் கம்பி இறுகும். டோர்ச் அடிக்க வேண்டாம், போனைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போக வேண்டாம். 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வனஜீவராசிகள் திணைக்களம் எடுக்கும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், மலை இலக்கம், வாகனம் எதுவரை வரும் என்ற நாலையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி போடும் வைத்தியர் தூரத்திலிருந்து வர வேண்டும், வழி தெரியாமல் அவர் ஸ்டோரடியில் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. பிரதான வீதியில் யாராவது ஒரு பையனை நிறுத்தி வையுங்கள்.